குருவடி பாடாம சாக்ஸபோனைத் தொடக்கூடாது

போன ஏப்ரல் 30ஆம் தேதி சாயங்காலம் பாளையங்கோட்டையில ஒரு வீட்டு மொட்டை மாடியில நாங்க நாலு பேரு சேந்து ஒரு நிகழ்ச்சி பண்ணோம். ஒரு சாக்ஸபோன், ஒரு வில்லுப்பாட்டுக் குடம், பீடி இலை வெட்டுற கத்தரி ஒண்ணு, என் கையில கவிதை எழுதுன நாலஞ்சு தாளு, அவ்வளவுதான் சாமான். ஏப்ரல் 30 சர்வதேச ஜாஸ் தினம், 2011ல யுனெஸ்கோ அறிவிச்சது. ஜாஸ்னா அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்ட பிறந்த இசை. அன்னைக்கு வந்தவங்களும் வராதவங்களும் போன்ல ஒரே கேள்வியத்தான் கேட்டாங்க, ஜாஸுக்கும் திருநெல்வேலிக்கும் என்ன சம்பந்தம், அதுவும் கவிதைய எதுக்கு அதுக்குள்ள கொண்டு போற அப்படின்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதான் உக்காந்து எழுதுதேன்.

முதல்ல லாங்ஸ்டன் ஹியூஸ். நியூயார்க்குல கறுப்பின மக்கள் வாழுற ஹார்லெம் பகுதியில வாழ்ந்த கறுப்பினக் கவிஞர், 1967ல இறந்துபோனாரு. அவரோட முதல் தொகுப்பு 1926ல வந்தது, அப்பவே அதுல ப்ளூஸ்னு கறுப்பின மக்கள் பாடுற சோகப் பாட்டோட கட்டுமானத்துல கவிதை எழுதியிருக்காரு. 1958ல அவரு தன் கவிதைகளை ஜாஸ் குழுவோட வாசிச்சு ஒரு ரெக்கார்டு போட்டாங்க, ஒரு பக்கம் பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணி ஆளுங்க, இன்னொரு பக்கம் பேஸ் வாசிக்கிற சார்லஸ் மிங்கஸோட குழு. அதை நான் ஜங்ஷன்ல இருந்து முக்கூடல் போற பஸ்ஸுல ஜன்னலோர சீட்ல ஹெட்போன் மாட்டிட்டு கேட்டேன். அவரு பாடவே இல்ல, திண்ணையில உக்காந்து பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லுத மாதிரி சாதாரணமா சொல்லுதாரு, ஒரு வரிய சொல்லி நிறுத்துதாரு, அந்த இடத்துல ட்ரம்பெட் ஒரு வார்த்தை பேசுது, இவரு திரும்ப சொல்லுதாரு, பேஸ்னு அந்தப் பெரிய தந்தி வாத்தியம் ஒரு முனகு முனகுது. எனக்கு உடனே காதுல விழுந்தது என்ன தெரியுமா, "ஆமா". எங்க சின்னத்தாத்தா வில்லுல போடுற ஆமா.

நம்ம பக்கம் கோயில் கொடைத் திருவிழா பாத்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரிய வில்லைக் குடத்து மேல வச்சுக் கட்டி, புலவரு வீசுகோலால நாணை அடிச்சு கதை சொல்லுவாரு, பக்கப்பாட்டுக்காரங்க அவரு சொன்ன வரியோட வாலைப் பிடிச்சு திருப்பிப் பாடுவாங்க, நடுநடுவ ஆமா போடுவாங்க. வெளியூர்க்காரங்க அந்த ஆமாவ ஒரு அலங்காரம்னு நினைக்காங்க, அது இல்ல. அந்த ஒரு நொடியிலதான் புலவரு அடுத்த வரிய மனசுல கட்டுதாரு. சின்னத்தாத்தா நாப்பது வருஷமா குடம் அடிக்கிறவரு, அவரு சொல்லுவாரு, ஆமா போடத் தெரியாதவன் பக்கத்துல உக்காந்தா புலவருக்கு தொண்டை கட்டும்னு. ப்ளூஸ்லயும் இதே வேலைதான் நடக்குது. பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டம் உள்ள ப்ளூஸ்ல ஒரு வரிய பாடுவாங்க, அதே வரிய திரும்பப் பாடுவாங்க, மூணாவது வரி அதுக்குப் பதில் சொல்லும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால பாதி இடம் காலியா கிடக்கும், அங்க கிட்டாரோ ட்ரம்பெட்டோ பதில் குடுக்கும். அந்த ரெண்டாவது தடவை பாடுறது இருக்கே, கேக்குறவங்களுக்கு மனசுல இறங்கவும் பாடுறவங்களுக்கு மூணாவது வரி பிறக்கவும் அதுதான் நேரம்.

இது ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. ஆப்பிரிக்காவுல இருந்து சங்கிலி போட்டு கப்பல்ல அடைச்சுக் கொண்டு வரப்பட்ட சனங்களோட வரலாறு வேற, நம்மளது வேற. அதை ஒண்ணாக் குழப்புனா ரெண்டு பேருக்கும் மரியாதை இல்ல. 1739ல தென் கரோலினாவுல ஸ்டோனோ ஆத்துப் பக்கம் அடிமைகள் மேளம் அடிச்சுக்கிட்டு கிளர்ச்சியா கிளம்புனாங்க, அதுக்கு அடுத்த வருஷமே, 1740ல, அடிமைகள் மேளம் வச்சிருக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. மேளத்துக்குப் பயந்து ஒரு சட்டம், யோசிச்சுப் பாருங்க. அப்ப அவங்க கையையும் தொடையையும் நெஞ்சையும் தட்டி, காலால தரைய மிதிச்சு, உடம்பையே மேளமா ஆக்கிட்டாங்க. அமெரிக்காவோட தெக்குப் பக்கம் உள்ள நியூ ஆர்லியன்ஸ் ஊருல மட்டும் ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு மைதானத்துல கூடி ஆடிப் பாட விட்டிருந்தாங்க, காங்கோ ஸ்கொயர்னு பேரு, இப்ப அது ஜாஸ் ட்ரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங் பேருல இருக்க பூங்காவுக்குள்ள இருக்கு. வயல்ல வேலை செய்யும்போது ஒருத்தர் குரல் குடுக்க மத்தவங்க பதில் குடுத்தது, சர்ச்சுல பிரசங்கம் பண்றவரு ஒரு வார்த்தை சொல்ல சபை முழுக்க எதிர்க்குரல் குடுத்தது, இது எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்துதான் ப்ளூஸ், ஜாஸ், பொறவு பேச்சுக்கவிதை, அதுல இருந்து ராப் வரைக்கும் வந்து நிக்குது.

எங்க சாக்ஸ் அண்ணனுக்கு இந்தக் கதை பிடிபட்டது வேற வழியில. அவரு பாளையங்கோட்டையில பேண்டு செட்டுல வாசிக்கிறவரு, கல்யாண ஊர்வலம், சர்ச் அசன விருந்து, பொறவு அடக்க ஆராதனைக்கு கல்லறைத் தோட்டம் வரைக்கும் வாசிச்சுக்கிட்டே நடந்து போறது. நம்ம ஊருல சாக்ஸபோன்னு சொன்னா எல்லாருக்கும் கத்ரி கோபால்நாத்துதான் ஞாபகம் வரும், ஆனா நான் பாத்து வளந்த சாக்ஸ் இந்த பேண்டு செட்டு சாக்ஸ்தான், வெயில்ல சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு நடந்துக்கிட்டே ஊதுறது. அவருகிட்ட நான் நியூ ஆர்லியன்ஸ் அடக்க ஊர்வலத்தைச் சொன்னேன். கல்லறைக்குப் போகும்போது பேண்டு மெதுவா, இழுத்து, காலை இழுத்து இழுத்து வச்சு வாசிச்சுப் போகும். அடக்கம் முடிஞ்சு உடம்பை மண்ணுக்குக் குடுத்துட்டுத் திரும்பும்போது அதே பேண்டு வேகம் பிடிக்கும், பின்னால தெருச்சனம் குடையும் கைக்குட்டையும் ஆட்டிக்கிட்டு ஆடிக்கிட்டே வரும். ஜாஸ் பிறந்த தெரு இதுதான். அண்ணன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பொறவு, "நாங்க போகும்போது வாசிக்கோம், திரும்பும்போது பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டி வேன்ல ஏறிருதோம். திரும்பும்போது வாசிக்கணும்னு ஒருத்தருக்குத் தோணியிருக்கு பாருங்க"ன்னாரு.

முதல் ஒத்திகை சரியா வரல. நான் கவிதைய மூச்சு விடாம வாசிச்சேன், அண்ணன் பேண்டு செட்டுப் பழக்கத்துல ஆரம்பிச்ச பாட்டை நிறுத்தாம ஊதிக்கிட்டே போனாரு, ரெண்டும் ஒரே வாசல்ல ஒரே நேரத்துல நுழையப் பாத்த மாதிரி இடிச்சுக்கிட்டு கிடந்துச்சு. சின்னத்தாத்தா குடத்து வாயில அடிக்கிற மட்டைய மடியில வச்சுட்டாரு.

"ஏ பிள்ள, நீ நிறுத்தாம சொல்லிட்டுப் போற, தம்பி நிறுத்தாம ஊதுதான், நான் ஆமாவ எங்கன போட?"

அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. நான் அன்னைக்கு ராத்திரி கவிதைய எடுத்து வரிகளை உடைச்சேன், பாதியை அடிச்சேன். தாளுல வலது பக்கம் ஒரு ஓரம் விட்டு அங்க இசைக்கான குறிப்பு எழுதுனேன், இங்கன குடம் மட்டும், இங்கன அண்ணன் நீளமா ஒரே சுரம், இங்கன யாரும் ஒண்ணும் செய்யாண்டாம்னு. இது என் யோசனை இல்ல, ஹியூஸ் 1961ல போட்ட நீளக் கவிதைப் புத்தகத்துல இப்படித்தான் பண்ணியிருக்காரு, ஒரு பக்கம் கவிதை ஓடும், ஓரத்துல எந்த வாத்தியம் எந்த மனநிலையில வரணும்னு குறிப்பு ஓடும், மொத்தம் பன்னிரண்டு பகுதி.

அடுத்தது ஸ்விங், அதாவது ஜாஸோட ஊஞ்சலாடுற தாள நடை. அந்த நடைய தாத்தாவுக்கு எப்படிச் சொல்றதுன்னு நான் ரொம்ப யோசிச்சு வச்சிருந்தேன், தேவைப்படல. அண்ணன் செல்போன்ல ஒரு பாட்டுல சிம்பலோட ஓசைய மட்டும் கேக்க வச்சாரு. தாத்தா ரெண்டு சுத்து கேட்டுட்டு, "தகிடதான, நடுவெழுத்தை முழுங்கிட்டு அடிக்கான்"னு சொல்லி விரலால குடத்து வயித்துல த...ட த...ட த...டன்னு தட்டிக் காட்டுனாரு. ஸ்விங்கைப் பத்தி நான் படிச்ச கட்டுரைகள்ல பாதி இந்த ஒரு வரியிலயே அடங்கிரும். குடத்தை எப்படி அடிக்காங்கன்னு பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்களா? ஒரு கையில மட்டை, அது குடத்து வாயை மூடி மூடித் திறக்கும்போது உள்ள இருக்க காத்து ஒரு அமுங்குன உறுமலா வெளிய வரும். இன்னொரு கையில ஒரு காசு, அது குடத்து உடம்புல படும்போது கணீர்னு. அந்த உறுமல் டபுள் பேஸ் வேலையப் பாத்துச்சு, காசு சிம்பல் வேலையப் பாத்துச்சு. ஒரே மண்பானை.

கத்தரி வந்தது எங்க அத்தையால. கவிதை எங்க ஆச்சியப் பத்தினது, முக்கூடல் பக்கம் ஆயுசு முழுக்க பீடி சுத்துனவ. அத்தை இன்னைக்கும் சுத்துதாவ. ஆச்சி சொளவை மடியில வச்சுக்கிட்டு இலை வெட்டும்போது ஒரு தாளம் வரும், தகடை இலை மேல வச்சு சுத்தி வெட்டுறது, கிரிச் கிரிச் கிரிச், ஒரு இடைவெளி, திரும்ப கிரிச் கிரிச் கிரிச். வேலைப்பாட்டுன்னு கறுப்பின மக்கள் பாடுனதும் அதேதான், கோடாலி விழுற நேரமும் சுத்தியல் விழுற நேரமும்தான் பாட்டுக்குத் தாளம். சரின்னு அத்தைய உக்கார வச்சு சும்மா கத்தரிய ஆட்டச் சொன்னேன். "சும்மா ஆட்டுனா வராது, இலையக் குடு"ன்னுட்டாவ. நனைச்ச இலைக்கட்டு ஒண்ணை மடியில வச்சுக் குடுத்த பொறவுதான் அந்தத் தாளம் வந்துச்சு. நிகழ்ச்சி அன்னைக்கும் நிஜமாவே இலை வெட்டுனாவ, முடியும்போது ஒரு கட்டுக்கு மேல வெட்டி அடுக்கியிருந்தாவ.

கவிதையில ஒரு இடத்தை மட்டும் இங்க போடுதேன், ப்ளூஸ் கட்டுமானத்துல எழுதுனது:

ஆச்சி வெட்டுன இலைக்கு பாஸ்புக்குல கணக்கு இருக்கு
ஆச்சி வெட்டுன இலைக்கு பாஸ்புக்குல கணக்கு இருக்கு
அவ இருமுன ராத்திரிக்கு எந்தப் புக்குல கணக்கு இருக்கு

ஒவ்வொரு வரிக்கும் பின்னால கத்தரி, ரெண்டாவது வரிக்குப் பொறவு குடத்தோட ஆமா, மூணாவது வரிக்குப் பொறவு யாரும் ஒண்ணும் செய்யல. ஓரத்துல அப்படித்தான் எழுதியிருந்தேன். கீழ தெருவுல ஒரு ஆட்டோ போற சத்தம் மட்டும் கேட்டுச்சு. பொறவு அண்ணன் ஒரே ஒரு சுரத்தைப் பிடிச்சு, பிடிச்ச இடத்துல நிறுத்தாம கொஞ்சமா கீழ சறுக்க விட்டாரு, பியானோக் கட்டையில சிக்காத அந்த நடுவுல உள்ள சுரம், ப்ளூ நோட்டுன்னு சொல்லுவாங்க. ஆச்சி இருமல் அடங்கும்போது வர்ற சத்தம் எனக்கு அதுல கேட்டுச்சு. அடுத்த வரிக்கு நான் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன்.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி நடந்ததைத்தான் நான் முக்கியமா சொல்லணும். வில்லுப்பாட்டுல எடுத்தவுடன கதைக்குள்ள போக மாட்டாங்க. முதல்ல காப்பு, வருபொருள் உரைத்தல், பொறவு குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், இவ்வளவும் தாண்டித்தான் கதை. குருவடின்னா யாருகிட்ட இருந்து இந்த வித்தை எனக்கு வந்துச்சோ அவங்க பேரைச் சொல்லி வணங்கிட்டு ஆரம்பிக்கிறது. தாத்தாதான் கேட்டாரு, "இந்த வித்தைக்குக் குரு யாரு, பேரைச் சொல்லாம எப்படி வில்லைத் தொட?"

அந்தக் கேள்வி என்னை ஒரு வாரம் தூங்க விடல. ஏன்னா ஜாஸ் வரலாறே பேரு சொல்லாம விட்ட வரலாறு. ஜாஸ்னு முதல்ல ரெக்கார்டு வெளிவந்தது 1917ல, வாசிச்சது முழுக்க வெள்ளைக்காரக் குழு. ஹார்லெம்ல காட்டன் கிளப்புன்னு ஒண்ணு இருந்துச்சு, 1927ல இருந்து ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டன் அங்கதான் வாசிச்சாரு, மேடையில கறுப்பினக் கலைஞர்கள், டேபிள்ல வெள்ளைக்காரங்க, கறுப்பின மக்களுக்கு உள்ள உக்காந்து கேக்க அனுமதி கிடையாது. கவிதையிலயும் அதே கதைதான், 1950கள்ல பீட் கவிஞர்கள்னு ஒரு அமெரிக்கக் கூட்டம் ஜாஸோட கவிதை வாசிச்சு பத்திரிகையில பேரு வாங்குனாங்க, முப்பது வருஷம் முன்னாடியே ஹியூஸ் அந்தப் பாதைய வெட்டி வச்சிருந்தாரு. நம்ம ஊரு கொடை நோட்டீஸை எடுத்துப் பாருங்க. உபயதாரர் பேரு எல்லாம் இனிஷியலோட, ஊரோட, தொழிலோட இருக்கும். சாமி ஆடுறதே மகுடம்ங்கிற தோல் மேளத்தோட அடியிலதான், உச்சம், மந்தம்னு ரெண்டு மகுடமும் சேந்து இறங்கினாத்தான் சுடலைக்கே அருள் வரும், ஆனா அதை வாசிக்கிற கணியான் கூத்துக் கலைஞர் பேரு நோட்டீஸ்ல இருக்காது, வெறும் மகுடம்னு மட்டும் இருக்கும். விடிய விடிய வாசிச்சவங்களுக்கு சாப்பாட்டு இலை எங்கன போடுதாங்கன்னும் நான் பாத்திருக்கேன்.

அதனால அன்னைக்கு நாங்க கருப்பட்டிக் காப்பி குடுத்து எல்லாரும் உக்காந்த பொறவு முதல்ல குருவடிதான். தாத்தா மெட்டுல நான் சொல்ல, அவரு திருப்பிச் சொன்னாரு. காங்கோ ஸ்கொயர்ல ஆடுன, பேரு கூட எழுதி வைக்கப்படாத சனங்களுக்கு முதல் வணக்கம். பொறவு ப்ளூஸ் பாடகிங்க மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித், பொறவு லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன். வெள்ளைக்காரக் கும்பலால அம்பது நூறு வருஷமா மரத்துல தொங்கவிடப்பட்ட கறுப்பின மக்களை 1939ல ஒரே பாட்டுல எல்லாரையும் பாக்க வச்ச பாடகி பில்லி ஹாலிடே. ஹியூஸ், மிங்கஸ். 1968 மே 19, கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸோட பிறந்தநாள் அன்னைக்கு ஹார்லெம் பூங்காவுல மேளத்தோட கவிதை சொல்லி ஆரம்பிச்ச லாஸ்ட் போயட்ஸ் குழு. பேச்சுக்கவிதைக்காரர் கில் ஸ்காட் ஹெரான். தன் மகனை ட்ரம்ஸ்ல உக்கார வச்சு ஃபயர்ஸ்பிட்டர்ஸ்னு சொந்தக் குழு நடத்துன கவிஞர் ஜெய்ன் கார்ட்டஸ், ஒரே வரிய திரும்பத் திரும்பச் சொல்லி அதைச் சுத்தியலா ஆக்குனவ, எனக்கு இவங்க எல்லாரையும் விட நெருக்கம். கடைசியா சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன். ஒவ்வொரு பேருக்கும் தாத்தா ஆமா போட்டாரு. சனம் மூணாவது பேருல இருந்து தானாவே கூடச் சேந்து ஆமா போட ஆரம்பிச்சிருச்சு.

முடிஞ்ச பொறவு ஒரு அண்ணாச்சி வந்து, நம்ம கலையே அழிஞ்சுக்கிட்டு கிடக்கு, நீ எதுக்கு அமெரிக்கா வரைக்கும் போறன்னு கேட்டாரு. கோவமா கேக்கல, வருத்தத்துலதான் கேட்டாரு. நான் அவருகிட்ட மார்ட்டின் லூதர் கிங் 1959ல நம்ம பக்கம் கன்னியாகுமரி வரைக்கும் வந்ததைச் சொன்னேன். அந்தப் பயணத்துல திருவனந்தபுரத்துல தலித் பிள்ளைங்க படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனாரு, அங்க தலைமையாசிரியரு அவரை அமெரிக்காவுல இருந்து வந்த உங்களை மாதிரி ஒரு தீண்டப்படாதவருன்னு அறிமுகப்படுத்துனாரு. கிங்குக்கு முதல்ல அதிர்ச்சி, மனசுக்கு ஒப்பல, பொறவு யோசிச்சுப் பாத்து ஆமா நானும் அதுதான்னு ஒத்துக்கிட்டேன்னு பல வருஷம் கழிச்சு சர்ச்சுல பிரசங்கத்துல சொல்லியிருக்காரு. அங்க இருந்து ஒருத்தரு வந்து நம்ம சனத்துல தன் முகத்தைப் பாத்துட்டுப் போயிருக்காரு அண்ணாச்சி, நாம அவங்க பாட்டைக் கேட்டு ஒரு ஆமா போடக்கூடாதான்னு கேட்டேன். அவரு பதில் சொல்லாம கொஞ்ச நேரம் கைப்பிடிச்சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, பொறவு அந்தக் குடத்தைத் தொட்டுப் பாத்துட்டுப் போனாரு.

எல்லாரும் போன பொறவு பாயெல்லாம் சுருட்டி வச்சுட்டு தாத்தாவுக்கு செல்போன்ல கோல்ட்ரேன் 1964 டிசம்பர்ல வாசிச்ச 'எ லவ் சுப்ரீம்'ங்கிற நாலு பகுதி இசையோட கடைசிப் பகுதியப் போட்டுக் காட்டுனேன், ஏழு நிமிஷம். கோல்ட்ரேன் கடவுளுக்கு ஒரு கவிதை எழுதி, அதை வாயால சொல்லாம, ஒவ்வொரு அசையையும் சாக்ஸபோன்லயே சொல்லியிருக்காரு. இந்த விஷயத்தை நான் தாத்தாகிட்ட முன்னாடி சொல்லல. கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தவரு, ரெண்டு நிமிஷம் இருக்கும், சாக்ஸ் ஒரு வரிய முடிச்சு மூச்சு வாங்குன இடத்துல மெதுவா ஆமான்னாரு. அடுத்த வரி முடிஞ்சதும் திரும்ப ஆமா. வார்த்தையே இல்லாத பாட்டுல வரி எங்க முடியுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

பாட்டு முடிஞ்ச பொறவு, "ஆடிக் கொடைக்கு நமக்கு மூணு ஊர்ல வில்லு இருக்கு, குருவடியில இவரு பேரையும் அந்த மகனோட வாசிச்ச பொம்பளை பேரையும் சேத்துக்கிடலாம்னு புலவருகிட்ட சொல்லப் போறேன், எழுதிக் குடு பிள்ள"ன்னாரு. கையில வேற தாளு இல்ல. தாத்தா பைக்குள்ள போன வருஷத்துக் கொடை நோட்டீஸ் ஒண்ணு நாலா மடிச்சுக் கிடந்துச்சு, அதைத் திருப்பி பின்பக்கத்துல அவருக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியுத மாதிரி பெரிய எழுத்துல எழுதுனேன். ஜான் கோல்ட்ரேன். ஜெய்ன் கார்ட்டஸ். அவரு வாங்கி லைட்டு வெளிச்சத்துல பிடிச்சு எழுத்துக்கூட்டி ரெண்டு தடவை வாசிச்சாரு, பொறவு, "உங்க ஆச்சி பேரையும் கீழ எழுது"ன்னு நோட்டீஸைத் திருப்பி நீட்டுனாரு.